மாமனார் வீட்டு வாளி

கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் வீட்டுக்கு முதல் தடவையாகத் தனியாக விருந்துக்குப் போகிறவன், பெண்ணை ஐந்து நிமிஷமும் அந்த வீட்டு வாளியை முக்கால் மணி நேரமும் பார்த்துவிட்டு வந்தால், அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அன்று எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள். அந்த ஆள் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். அது ஓட்டை வாளி. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை வெள்ளை நூல் சுற்றிய கோன்களை விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அந்தப் பழுப்புப் புள்ளிக்காகவே நாள் முழுக்க ஏங்கிக்கொண்டிருப்பேன். வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு வாரத்தில், போனில் நடக்கும் பத்து நாள் போட்டோகிராபி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆசிரியர் முகத்தைக் காட்டவே மாட்டார். குரல் மட்டும் வரும். எட்டாம் நாள் அவர், வீட்டில் கிடக்கும் எளிய, தேய்ந்த, பழைய பொருள்களைப் படமெடுப்பது எப்படி என்று நடத்தினார். "நிறம் கத்தக் கூடாது. முணுமுணுக்க வேண்டும்" என்றார்.

அந்த ஒரு வரியில் விழுந்தவன்தான். (ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அவர் என்ன நடத்தினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. விழுந்த இடத்திலேயே கிடந்தேன்.)

தென்காசி ரோட்டில் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் நண்பன் ஒருவன் இருந்தான். அவனிடமிருந்து ஒரு பழைய கேமராவை வாங்கினேன். என்ன ஆச்சரியம், முதல் நாளிலிருந்தே என் படங்களில் நிறங்கள் முணுமுணுத்தன. சிவப்பு செங்கல் பொடி மாதிரி வந்தது. பச்சை காய்ந்த இலை மாதிரி வந்தது. எல்லாவற்றின் மேலும் லேசான பனி படர்ந்த மாதிரி ஒரு மென்மை. பத்து வருஷம் பழகினால்தான் இந்த நயம் வரும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எனக்குப் பத்தாம் நாளே வந்துவிட்டது. பிறவிக் கலைஞன் என்று என்னை நானே ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்கத் தொடங்கினேன்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். மரியாதை இல்லாமல் பார்க்க அம்மா ஒருத்தி போதும். அவள் பெருக்க வந்தால் துடைப்பம் இருக்காது. அது மாடியில், சாய்வாக வெயில் விழும் சுவரில், படத்துக்கு நின்றுகொண்டிருக்கும்.

"ஏலே, வீடு பூரா குப்பை கெடக்கு. நீ வெளக்கமாத்தை சோடிச்சுக்கிட்டு இருக்க."

"செத்த இரும்மா. வெயிலு இப்பத்தான் சரியா வந்திருக்கு."

"ஒனக்கு சீக்கிரம் ஒரு பொண்ணைப் பாக்கணும்" என்றாள் அம்மா. துடைப்பத்தை நான் பார்த்த பார்வை அவளை நிஜமாகவே பயமுறுத்தியிருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் பார்த்துவிட்டாள்.

பெண்ணின் பெயர் கோதை. மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா வைத்தியநாதன், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மம்சாபுரத்துக்கும் நடுவில் ஓடும் மினி பஸ்ஸுக்கு டிரைவர். காலையில் மகளை அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிடுவார். அதிர்ந்து பேசாத மனிதர். ஹாரன்கூட அளந்துதான் அடிப்பார் என்று ஊரில் சொல்வார்கள். பெண் பார்க்கப் போனபோது, நிச்சயம் செய்யப் போனபோது என்று இரண்டு முறையும் கூடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டோம். மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எனக்கு மட்டும் விருந்து சொன்னார்.

"கேமராவை வச்சிட்டுப் போ" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, பைக்குள் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் அதை வைத்தேன்.

விருந்து பிரமாதம். அத்தை ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். இலைக்கு எதிரே மாமாவே நின்று பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அங்கேதான் வினை காத்திருந்தது.

நீலம் கலந்து என்றைக்கோ அடித்த சுண்ணாம்பு வெளுத்துப்போய், அங்கங்கே மண் நிறம் எட்டிப் பார்க்கும் சுவர். குழாய்க்கு அடியில் ஓர் இரும்பு வாளி. அதன் விலாவில் தார் வைத்து அடைத்த கறுப்பு வட்டம், கைப்பிடியில் சுற்றிய கிழிந்த துணி. குளியலறைத் தகரக் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து, மென்று துப்பிய வெற்றிலை நிறத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பக்கத்தில் ஒரு கால் குட்டையான மர ஸ்டூல். குட்டைக் காலுக்கு அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். படிக்கருகில் மாமாவின் செருப்பு. ஒன்றின் வார் கறுப்பு, இன்னொன்றின் வார் பழுப்பு. எல்லாவற்றின் மேலும் வேப்பமர இலைகளுக்குள் புகுந்து வந்த மத்தியான வெளிச்சம்.

மாமா எனக்குத் தண்ணீர் ஊற்றச் செம்போடு குனிந்தார். பித்தளைச் செம்பு. கழுத்தருகே ஒரு நசுங்கல்.

"மாமா, அத அப்படியே கீழ வைங்க" என்றேன்.

அவர் வைத்தார். எதற்கென்று தெரியாமல், மாப்பிள்ளை சொல்கிறாரே என்று வைத்தார். கறிக்குழம்பு வாசம் அடிக்கும் கையோடு ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்தேன்.

பிறகு நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். முதலில் உட்கார்ந்து எடுத்தேனாம். பிறகு மண்டியிட்டேனாம். பிறகு குளியலறைச் சாக்கடை ஓரமாகக் குப்புறப் படுத்துவிட்டேனாம். அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அத்தை, மாப்பிள்ளை மயக்கம் போட்டுவிட்டார் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் தலையைத் தூக்காமலேயே, "அத்தை, நிழல் விழுது" என்றேனாம்.

அந்த நேரத்தில்தான் கோதை காபி கொண்டுவந்தாள். மாம்பழக் கலரில் பட்டுச்சேலை. தலையில் கனகாம்பரம். அவள் அருகில் வந்து நின்றதும் மஞ்சள் வெளிச்சம் வாளி மேல் விழுந்தது. என் வாளி மேல். இவ்வளவு நேரமும் முணுமுணுத்துக்கொண்டிருந்த வாளி சட்டென்று கத்த ஆரம்பித்தது.

"செத்த தள்ளி நில்லுங்க" என்றேன். "ஒங்க சேலை கலரு வாளியில அடிக்குது."

அவள் தள்ளி நின்றாள். காபியில் ஆடை படியும் வரை சுவரோரமாக நின்றாள். அந்தச் சேலையைத் தேர்ந்தெடுக்க அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். (அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது தெரியப்படுத்தப்படுகிறது.)

கிளம்பும்போது மாமா கேட்டார். "வீடு புடிச்சிருக்கா மாப்ள?"

"ரொம்ப மாமா. எதையும் மாத்திராதீங்க. அப்படியே இருக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. மனசு முழுக்க அந்தத் தகரக் கதவுதான் இருந்தது.

அன்று சாயங்காலமே ஏழு படங்களைப் பொறுக்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். படம் மட்டும் வைத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு கொடுத்தேன். செருப்புக்கு 'இருவேறு பயணங்கள்'. கதவுக்குத் 'துருவின் தாலாட்டு'. வாளிக்கு 'ஒழுகும் காலம்'. ஏழாவது படத்துக்குக் கீழே, 'இடம்: என் வருங்கால மாமனார் இல்லம்' என்று நன்றியோடு குறிப்பிட்டேன்.

கோதைக்குக் கூமாப்பட்டியில் ஒரு சித்தி. நிச்சயத்தின்போது என் நம்பரை ஆசையாக வாங்கிப் பதிந்துகொண்டவர். முதலில் பார்த்தது அவர்தான். 'இது நம்ம அக்கா வீட்டு வாளில்லா' என்று குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அங்கிருந்து அது மம்சாபுரம் போனது. மாமாவின் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாளில் தானே மறைந்துவிடும் ஸ்டேட்டஸைத் தினமும் மறுபடி வைத்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தேன். கோதைக்கு அனுப்பிய செய்திகளுக்கு மட்டும் மூன்று நாளாகப் பதில் இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறாள் என்று நினைத்தேன். நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"போட்டோ பாத்தீங்களா?" என்றுதான் ஆரம்பித்தேன். (இந்த இடத்தில் என் மனைவி கதையை நிறுத்தி, கேட்பவர் முகத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் தொடர்வாள்.)

"பாத்தேன். ஊரே பாத்துருச்சு. மம்சாபுரம் வண்டியில ஏறுற அம்புட்டு பேரும் பாத்துட்டாக. 'என்னண்ணே, ஒங்க வீட்டு வாளி போன்ல ஓடுதே'ன்னு அப்பாட்டயே ஒருத்தர் கேட்டிருக்காரு."

"அப்படியா" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

அவள் நிதானமாகச் சொன்னாள். "அப்பா மூணு நாளா சரியா சாப்பிடல. வேல முடிஞ்சு வந்ததும் கொல்லையில போயி நிக்காக. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே இருக்காக. 'நாம இம்புட்டு மோசமாவா இருந்திருக்கோம், எனக்குத் தெரியவே இல்லையே'ன்னு அம்மாட்ட கேட்டாகளாம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மாப்பிள்ளை வீட்டுல நம்ம வீட்டைக் கொறையா நெனைக்காகன்னு அம்மா அழுது. நல்லது ஒண்ணுகூடவா எங்க வீட்டுல ஒங்க கண்ணுல படல?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் பாடம் நடத்தினேன். "அப்படி இல்லைங்க. இது ஒரு வகை. நிறம் கத்தக் கூடாது..."

"என்னது?"

"நிறம். முணுமுணுக்கணும்."

"நான் அன்னைக்கு மாம்பழக் கலர் கட்டியிருந்தேன்" என்றாள். போன் அணைந்துவிட்டது.

அதன் பிறகுதான் எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது. போனை எடுத்து அந்த ஏழு படங்களையும் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை கோதையின் அப்பா பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஓட்டை. துரு. ஜோடி சேராத செருப்பு. அவரிடம் இல்லாததை எல்லாம் பட்டியல் போட்டு, அழகாகத் தலைப்பு கொடுத்து, அவர் தினமும் முகம் பார்க்கும் ஜனங்களிடமே காட்டியிருக்கிறேன். அழித்தேன். அழிப்பதற்குள் இன்னும் மூன்று பேர் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டாமல் உட்கார்ந்துவிட்டது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பொண்ணைப் பெத்தவக மனசு ஒனக்குத் தெரியாதுலே" என்றாள். "நாம போயி ஒக்காந்தாலே எங்க கொறை தெரிஞ்சிருமோன்னு பதறிக்கிட்டு நிப்பாக. நீ அதையே தேடித் தேடிப் புடிச்சிட்டு வந்திருக்க. ஞாயித்துக்கெழமை போ. அவிய கால்ல விழு. வெறுங்கையோட போகாத."

வெறுங்கையோடு போகக் கூடாது என்ற பதற்றத்தில், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டதை வாங்கிப் பையில் போட்டேன். பாதி வழியில்தான் அது என்னவென்று உறைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வீட்டுக்கு ராஜபாளையத்திலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு போன ஒரே மாப்பிள்ளை நான்தான்.

வாசலில் மாமா நின்றிருந்தார். கடையில் மடித்த மடிப்பு கலையாத புதுச் சட்டை. காதோரம் முடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"வாங்க மாப்ள. நேரா கொல்லைக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்" என்று கூட்டிப்போனார்.

எனக்குக் கண் கூசியது. தகரக் கதவு கிளிப்பச்சை. ஓட்டைகள் எல்லாம் தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தன. சுவர் ரோஜா நிறம். குழாய்க்குக்கூட வெள்ளிப் பெயிண்ட். குழாய்க்கு அடியில் தக்காளிச் சிவப்பில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட எடுக்கவில்லை. படிக்கருகில் புதுச் செருப்பு. நான் அழகென்று படுத்துக் கிடந்து படமெடுத்ததை எல்லாம் மாமா ஒரு வாரத்தில் பெயிண்ட் அடித்து அழித்திருந்தார்.

"உக்காருங்க மாப்ள" என்று ஸ்டூலை முன்னால் நகர்த்தினார். அதுவும் கிளிப்பச்சை. நான்கு காலும் சமமாக நின்றன.

உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பைத் தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தகரக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"நீங்க சொல்லுததுக்கு முன்னாடியே நான் செஞ்சிருக்கணும் மாப்ள. வண்டியில லீவு கெடைக்கல. பாத்துப் பாத்துப் பழகிட்டதுனால என் கண்ணுக்கு எதுவும் தெரியல. நீங்க படம் புடிச்சுக் காட்டுன பொறவுதான் தெரிஞ்சுச்சு. தப்பா எடுத்துக்கிடாதீக. பிள்ளையைக் கொறையா நெனச்சிராதீக."

மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காலைத் தொட்டுவிட வேண்டும் என்று வேகமாக எழுந்து குனிந்தேன்.

ஸ்டூலும் என்னோடு எழுந்தது.

காலையில்தான் அடித்த எனாமல் பெயிண்ட். மேலே காய்ந்த மாதிரி தெரிந்திருக்கிறது, உள்ளே காயவில்லை. குனிந்த என் முதுகுக்குப் பின்னால் நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து நிற்க, முன்னால் மாமாவின் காலைத் தொட்டபடி நான். அவர் பதறி என்னைத் தூக்கப் பார்த்தார். என்னைத் தூக்கினால் ஸ்டூல் பின்னால் சுவரில் இடித்தது. ஸ்டூலைப் பிடித்து இழுத்தால் நான் பின்னால் போனேன். "அசையாதீக மாப்ள, அசையாதீக" என்று சொல்லிக்கொண்டே அவர் இழுத்த இழுப்பில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டூல் தனியாக வந்துவிட்டது. என் கால்சட்டையின் பின்பக்கமும் கொஞ்சம் அதோடு போய்விட்டது.

அடுப்படிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் உடைந்த சிரிப்பு. போனை அணைத்த நாளிலிருந்து எனக்காகக் குரலே திறக்காத கோதை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த கால் மணி நேரத்தில் நான் மாமாவின் பழைய கைலியில், பின்படியில் உட்கார்ந்திருந்தேன். நூறு தடவை துவைத்து மெத்தென்று ஆகிப்போன கைலி. மாமா எதிரே குத்துக்காலிட்டு, பெயிண்டில் கலந்தது போக மிச்சமிருந்த தின்னரைத் துணியில் தொட்டு, என் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் என்றால் விடவில்லை.

"உண்மையச் சொல்லுங்க மாப்ள" என்றார் தேய்த்துக்கொண்டே. "கொறை சொல்ல எடுக்கலைன்னா, பொறவு எதுக்குத்தான் எடுத்தீக?"

ஆசிரியரின் குரல் ஒரு தடவை என் வாய்க்குள் வந்துவிட்டுப் போனது. அதை விழுங்கினேன்.

"அழகா இருந்துச்சு மாமா."

"எது, அந்த வாளியா?"

"ஆமா மாமா. நாங்க வீடு கட்டி ரெண்டு வருஷம்தான் ஆவுது. எல்லாமே புதுசு. அம்மா இன்னும் சோபாவுல பிளாஸ்டிக் கவரைக் கழத்தல. மில்லுல பாத்தா எல்லாம் ஒரே வெள்ளை. ஒங்க வீட்டுல ஒவ்வொண்ணுலயும் ஆளு இருந்த மாதிரி இருந்துச்சு. கைப்பிடி கையை அறுக்கக் கூடாதுன்னு யாரோ துணி சுத்தியிருக்காக. ஸ்டூலு ஆடக் கூடாதுன்னு யாரோ ஓடு வச்சிருக்காக. அதான் எடுத்தேன். கேட்டுட்டு எடுத்திருக்கணும். ஊருக்குக் காட்டியிருக்கக் கூடாது."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "துணி சுத்துனது கோதை" என்றார். "அவ அம்மாவுக்குக் கை காப்புக் காய்ச்சிருச்சுன்னு சுத்துனா." பிறகு, "அந்தப் படம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

கேமராவில் இருந்தது. (அன்றும் அது பைக்குள் துண்டுக்கு அடியில்தான் வந்திருந்தது.) கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. கலை அவரைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"அட, ஒழுகுற எடம் இதுல்லா" என்றார். "தாருக்கு ரெண்டு வெரக்கடை கீழ, மடிப்புக்குள்ள. பாருங்க, சொட்டு நிக்கு. நான் இத்தன வருசமா தப்பான எடத்துல தார் வச்சுக்கிட்டு இருக்கேன்."

கையோடு எழுந்துபோய், மாடிப்படிக்கு அடியில் சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த அந்த வாளியை இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் பிடித்தார். நாங்கள் இருவரும் அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து காத்திருந்தோம். மடிப்புக்குள்ளிருந்து ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு விழுந்தது. மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பாராட்டு அதன் பிறகு எந்தப் போட்டோவுக்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோதை காபியோடு வந்து நின்றாள். இந்தத் தடவை நான் எழுந்து நின்றேன். (கைலியைப் பிடித்துக்கொண்டுதான்.)

"ஒங்கள ஒரு படம் எடுக்கட்டுமா?"

தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். வீட்டில் கட்டும் வெளுத்த நூல் சேலை. "இன்னைக்குப் பழைய சேலை கட்டியிருக்கேன். அதான் கூப்பிடுதீகளோ?"

"இல்ல. அன்னைக்கு எடுத்திருக்கணும். இன்னைக்காவது எடுக்கேன்."

நின்றாள். ரோஜா நிறச் சுவருக்கு முன்னால், கிளிப்பச்சைக் கதவுக்குப் பக்கத்தில், சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு. எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள், கணக்கு டீச்சருக்கு உரிய கவனத்தோடு திரையில் விரலை வைத்தாள்.

"இதென்ன, கன்னத்துல பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. வாளிப் படத்தைப் பார்த்தோம். அதிலும் அதே இடத்தில் அதே பாசி. செருப்பிலும் அதே. மறுநாள் கேமராவை நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னான். "பூஜு" என்ற சொல் காதில் விழுந்தது. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். லென்ஸை என் கண்ணருகே பிடித்துக் காட்டினான். உள்ளே சிலந்தி வலை மாதிரி, நடுக்கண்ணாடியிலிருந்து ஓரம் வரை பூஞ்சணம் பூத்திருந்தது. பத்து வருஷம் பழகினால் வரும் நயம் எனக்குப் பத்தாம் நாளே வந்தது அதனால்தான். என் படங்களில் நிறங்களை முணுமுணுக்க வைத்தது என் கண் இல்லை. பூஞ்சணம்.

(அவன் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுத்துத் தருகிறேன் என்றான். நல்ல லென்ஸில்.)

தை மாதம் கல்யாணம் நடந்தது. மேடையில் கேமராவோடு நின்ற நண்பன் என்னைச் சிரிக்கச் சொன்னபோது, முன்வரிசையிலிருந்து கூமாப்பட்டிச் சித்தி, "ரொம்பச் சிரிக்க வேண்டாம் மாப்ள, கலரு கத்துது" என்றார். கோதை எப்போது அவரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பந்தல் முழுக்கத் தெரிந்திருந்தது. தலைதீபாவளிக்குப் போனபோது வேட்டி சட்டையோடு ஒரு சாக்கு மூட்டையும் தந்தார்கள். சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சேர்த்தது. கைப்பிடி உடைந்த இட்லிச் சட்டி, கண்ணாடி இல்லாத அரிக்கேன், ஒற்றைச் செருப்பு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் குடை. "மாப்ளைக்குப் புடிச்சது" என்று மேலே ஒரு சீட்டு. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எதுவும் உடைந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை. "மாப்ளைக்கு எடுத்து வை" என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். எங்கள் மகள் ஒரு தடவை தட்டை உடைத்துவிட்டு, அடி விழுவதற்கு முன்னால் துண்டுகளைப் பொறுக்கி என்னிடம் கொடுத்து, "அப்பா, இது ஒங்களுக்கு" என்றாள்.

மாமாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நல்ல போன் வாங்கினார். வாரத்துக்கு இரண்டு மூன்று படங்கள் எனக்கு மட்டும் வரும். மம்சாபுரம் ரோட்டில் பஞ்சரான டயர். பஸ் ஜன்னலில் யாரோ கீறிவைத்த பெயர். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த இடம். தலைப்பு எதுவும் இருக்காது. 'மாப்ளைக்கு' என்று மட்டும் போட்டிருப்பார்.

போன சித்திரையில் அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். கண்ணில் புரை. மம்சாபுரம் போய்த் திரும்பிய கடைசி நடை அன்று நாங்கள் போயிருந்தோம். பயணிகள் மாலை போட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு படம் வந்தது. கொல்லைக் கொடியில் அவருடைய காக்கிச் சட்டை. தோளிலும் முதுகிலும் வெளுத்து, மண் நிறமும் இல்லாமல் சாம்பல் நிறமும் இல்லாமல், சீட்டில் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த இடம் மட்டும் கிட்டத்தட்ட வெள்ளையாக. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. 'மாப்ளைக்கு' என்றுகூட எழுதவில்லை.

கோதையிடம் காட்டினேன். அவள் வேலையை வைத்துவிட்டு வந்து, போனை வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பித் தந்தாள்.

"ஒங்கள விட அப்பா நல்லா எடுக்காக" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் காக்கிச் சட்டைப் படத்தைக் காட்டி இதையேதான் சொல்கிறாள். வந்தவர்கள் சங்கடத்தோடு என்னைப் பார்ப்பார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.